கடைப்பங்குத் தண்ணீர்

பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டில் கதை குறைந்துவிடும். மாரியில் விதைத்த காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்து, வைக்கோலை மாடுகள் இழுத்துத் தின்கிற நேரம் அது. மற்ற வீடுகளில் கலியாணம், கோயில், மன்னாருக்குப் போய் உடுப்பு எடுப்பது என்று கதை ஓடும். எங்கள் வீட்டில் நானும் என் மருமகளும் மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் சீட்டை நினைத்துக்கொண்டு சும்மா இருப்போம்.

சீட்டு என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம், உயிலங்குளத்திலிருந்து உள்ளே போக வருகிற, குளத்தை நம்பின வயற்காடு. மாரி பெய்தால் எல்லோரும் அவரவர் காணியில் விதைப்பார்கள். கோடையில் குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. அதனால் சிறுபோகத்துக்குக் குளத்தின் கீழே ஒரு துண்டு வயலை மட்டும் தெரிந்தெடுத்து, அது ஆருடைய காணி என்று பார்க்காமல், பங்கு பங்காகப் பிரித்து எல்லாக் குடும்பத்துக்கும் கொடுப்பார்கள். ஆருக்கு எந்தப் பங்கு என்பது பிள்ளையார் கோயில் வாசலில் எடுக்கிற சீட்டில் இருக்கிறது. செம்புக்குள் சுருட்டிப் போட்ட தாள். கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். வாய்க்காலின் தொடக்கத்தில் விழுந்தால் தலைப்பங்கு, முடிவில் விழுந்தால் கடைப்பங்கு. தலைப்பங்குக்காரன் வரம்பில் படுத்து நித்திரை கொண்டாலும் அவன் வயலில் தண்ணீர் நிற்கும். கடைப்பங்குக்காரன் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையிலேயே குடியிருக்க வேண்டும். குடியிருந்தாலும், கதிர் உள்ளே திரள்கிற குடலைப் பருவத்தில் பயிர் காய்ந்துபோகும்.

என் மகனுக்கு அடுத்தடுத்து இரண்டு சிறுபோகம் கடைப்பங்கு விழுந்தது. இரண்டாவது முறை, கதிர் வெளியே வராமல் வயல் வைக்கோல் நிறத்தில் நின்ற ஒரு பின்னேரம், பூச்சிக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்தை அவன் குடித்தான். முருங்கன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்தோம். இதற்கு மேல் அதை எழுத என்னால் ஏலாது.

ஒரு மனிதன் செய்த அநியாயம் என்றால் அவன் வாசலில் போய் நின்று மண் வாரித் தூற்றலாம். தாளை என்ன செய்வது? கோயில் வாசலில், எல்லோரும் பார்த்திருக்க, என் பிள்ளை தன் கையாலேயே எடுத்த தாள். எனக்கு ஆரோடும் கோபப்பட வழியில்லாமல் இருந்தது. அடுத்த வருடம் மருமகள் கையை விட்டாள். அவளுக்கும் கடைப்பங்கு. சனத்துக்குள் ஆரோ ஒருத்தி சின்னதாகச் சிரித்தது கேட்டது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் வந்த சிரிப்பு.

போன பங்குனியில் ஒரு காலை, மருமகள் அரிசி களைந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“இந்த முறையும் கடை விழுந்தால் நான் குவைத்துக்குப் போறன் மாமி. முருங்கனிலை ஏஜென்சிக்காரனோடை கதைச்சுப்போட்டன்.”

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அடம்பனில் இருக்கிற தாய் தகப்பன் வந்து கூப்பிட்டபோது, மாமி தனிச்சுப்போவா என்று சொல்லி நின்றவள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என் மகனின் பெயரைச் சொல்லக் கேட்க ஆள் இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை கடைப்பங்கு எடுத்தவருக்கு அடுத்த முறை கடைப்பங்குத் தாள் வரக் கூடாது என்று, சீட்டை நடத்துகிற கமக்கார அமைப்பு ஒரு சட்டம் போட வேண்டும். பெரிய காரியம் இல்லை. ஆனால் அதை ஆராவது கூட்டத்தில் எழும்பிச் சொல்ல வேண்டும். நான் கூட்டத்தில் பேசினதே கிடையாது. ஐந்தாம் வகுப்பில் தேவாரம் பாடச் சொல்லி எழுப்பினபோது அழுதவள் நான். மாதர் சங்கத்தில் கதவுக்குக் கிட்ட இருப்பேன், பெயர் கேட்டால் மருமகள் சொல்லுவாள். மருமகளையே கேட்கச் சொன்னேன். “நான் கேட்டால், தனக்கு விழுந்ததாலை கேக்கிறாள் எண்டுதான் சொல்லுவினம்” என்றாள். அதுவும் சரிதான். பிறகு என் தம்பியிடம் போனேன். அவன் அமைப்பில் ஒரு அங்கத்தவன், நாலு பேர் மதிக்கிறவன். “பாப்பம் அக்கா” என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

அந்த நாட்களில்தான் மன்னார்த் தீவிலிருந்து நாடகம் படிப்பிக்கிற ஒரு டீச்சர் எங்கள் மாதர் சங்கத்துக்கு வந்துபோகத் தொடங்கினார். சின்னப் பிள்ளைதான், முப்பது வயது இருக்கும். நாடகம் என்றதும் நாங்கள் ராசா வேசத்தையும் முடியையும் நினைத்தோம். அவர் அப்படி ஒன்றும் இல்லை என்றார். வேசம் இல்லை, வசனம் இல்லை, பாட்டும் இல்லை. நாங்கள் சட்டங்களை மட்டும் போடுவோமாம். அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத் தற்செயலிடம் விட்டுவிடுவோமாம். காலையில் தொடங்கினால் பொழுதுபடும் வரை நடக்குமாம். பார்க்க வருகிற சனமும் உள்ளே வந்து இருக்க வேண்டுமாம். அதற்கு ஆற்றுகை என்று பெயராம்.

“ஒண்டுமில்லாத ஆட்டத்தைப் பாக்க ஆர் டீச்சர் வருவினம்?” என்று ஒருத்தி கேட்டாள். “என்ரை மனுசனை இழுக்கிறதெண்டால் வீட்டிலை உலை வைக்காமல் விடோணும்.”

“அப்ப மத்தியானம் சாப்பாடு போடுவம்” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் அந்தப் பிள்ளையை எங்களுக்குப் பிடித்தது.

பிறகு அவர் ஒவ்வொருத்தியிடமும், உங்கள் சீவியத்தில் ஒருவரும் தீர்மானிக்காமல் தானாக வந்து விழுகிறது எது என்று கேட்டார். மழை என்றாள் ஒருத்தி. யானை என்றாள் இன்னொருத்தி. மகளுக்குச் சம்பந்தம் என்றாள் வேறொருத்தி. என் முறை வந்தபோது நான் நிலத்தைப் பார்த்தேன், டீச்சர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்து அவர் பஸ்ஸுக்குப் போகையில் நான் பின்னால் நடந்தேன். றோட்டுக்கு வந்ததும் “சீட்டு” என்று மட்டும் சொன்னேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ் வரும்வரை றோட்டோரத்து மருத மரத்துக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தடியால் மண்ணில் வாய்க்காலைக் கீறிக் காட்டுவது எனக்கு வாயால் சொல்வதை விட லேசாக இருந்தது. மருமகள் குவைத்துக்குப் போகப் போகிறாள் என்பதையும், அதற்குள் அந்தச் சட்டம் வர வேண்டும் என்பதையும் அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

நெல் சூடடிக்கிற களத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுவது என்று முடிவானது. நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் வெட்டினோம். தண்ணீரை மண் குடித்துவிடாமல் களிமண்ணால் மெழுகினோம். கரையோடு பன்னிரண்டு இடம். ஒவ்வொரு இடத்திலும் வாய்க்காலுக்கு ஒரு சின்ன வாய், அந்த வாயில் மண்ணோடு மட்டமாகப் புதைத்த ஒரு சிரட்டை. வாய்க்காலின் தலையில் ஊற்றுகிற தண்ணீர் முதல் சிரட்டையை நிரப்பி, வழிந்து, அடுத்ததுக்குப் போகும்.

முதலில் செய்து பார்த்தபோது கடைசியில் இருந்தவள் கொஞ்ச நேரம் கொட்டாவி விட்டாள், பிறகு எழும்பிக் கோழிக்குத் தீன் போடப் போய்விட்டாள். வெறுஞ் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க ஆருக்குத்தான் பொறுமை இருக்கும்? அவளுக்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும் என்றார் டீச்சர். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடி நாற்றைச் சட்டியில் நட்டு வைத்தோம். சிரட்டையில் விழுகிற தண்ணீரை அந்த நாற்றுக்கு விடலாம். பங்குனி வெயிலில் மெல்லிய மண்ணில் நிற்கிற நாற்று, தண்ணீர் இல்லாவிட்டால் பின்னேரத்துக்குள் சுருண்டுவிடும். நாற்றை நான்தான் வளர்த்தேன்.

எப்போது எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பதற்கு டீச்சர் ஒரு பிளாஸ்டிக் கட்டை கொண்டுவந்தார், பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற, புள்ளி போட்ட கட்டை. எனக்கு அது கையில் நிற்கவில்லை. தாயம் விளையாடுகிற என் பழைய சோழிகளை, நாங்கள் சோகி என்கிறதை, எடுத்துப் போனேன். ஆறு சோகி. எறிந்தால் எத்தனை வாய் மேலே பார்த்து விழுகிறதோ அத்தனை செம்பு தண்ணீர். ஒன்றுமே மேலே பார்க்காவிட்டால் தண்ணீர் இல்லை. நாலு செம்பு ஊற்றினால் கடைசிச் சிரட்டை நனையும்படி வாய்க்காலைச் சரிபார்த்து மெழுகி வைத்திருந்தோம். சோகி எறிகிற வேலை எனக்கு. அதற்கு வாய் திறக்கத் தேவையில்லை.

மிச்சச் சட்டங்களை மரத்தடியில் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டோம். வருகிறவர் தாள்கள் போட்ட மண் முட்டிக்குள் கை விட்டுத் தாள் எடுத்து அந்த இடத்தில் இருக்க வேண்டும். இருக்கிறவர் கதைக்கக் கூடாது, சுற்றி நின்று பார்க்கிறவர் கதைக்கலாம். எழும்பிப் போகிறவர் திரும்பி வர ஏலாது. அவருடைய தாள் முட்டிக்குள் போகும், அடுத்து வருகிறவர் எடுப்பார். ஒருவருடைய தண்ணீரை இன்னொருவருக்குக் கையால் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. கையைத்தான் சொன்னோம். காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாய்ச்சுகிற முறைக்கு வயலில் போய் நிற்கிறது ஆண்கள். எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

கடைசி நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சட்டத்தைப் போட்டாப் பிறகு இடையிலை மாத்தேலாது அம்மா. உங்களுக்குப் பிடிக்காத பக்கம் போனாலும் விடோணும். ஏலுமோ?”

“ஏலும்” என்றேன். என் மனதில் இருந்தது வேறு. அமைப்பின் தலைவருக்குக் கடைசி இடம் விழ வேண்டும். ஒரு பகல் முழுக்க அந்த வெயிலில் வெறுஞ் சிரட்டைக்கு முன்னால் அவர் இருந்தால், நான் எழும்பிச் சொல்லத் தேவையில்லை. அவரே விளங்கிக்கொள்வார். பிள்ளையாரிடம் அதைத்தான் கேட்டேன்.

அந்த நாள் வந்தது. சோறு போடுகிறார்கள் என்ற கதை பரவியிருந்ததால் சனம் வந்தது. தலைவரும் வந்தார். அவர் முட்டிக்குள் கையை விட்டார். மூன்றாம் இடம் விழுந்தது, தலைக்குக் கிட்ட. அவர் சாரத்தை மடித்துக்கொண்டு இருந்தார், சிரட்டை நிரம்பியது, நாற்றுக்கு விட்டார், சந்தோசமாகத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அரசாங்கக் கந்தோரில் அலுவல் இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு எழும்பிப் போனார். என் எண்ணம் அத்தோடு முடிந்தது.

மருமகள் தாள் எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் சோற்றுக்கு மரக்கறி வெட்ட வந்தவள். வேலை முடிந்ததும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு முட்டிக்குள் விட்டாள். தாளை விரித்துப் பார்த்தாள், பிறகு டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் என்னைப் பார்த்த விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவள் நடந்து போய் வாய்க்காலின் முடிவில் இருந்தாள். அங்கே நிழல் கிடையாது.

அந்த இடத்தில் டீச்சர் நிறுத்தியிருப்பார், நான் ஒரு தலையசைப்புக் காட்டியிருந்தால். நான் காட்டவில்லை. ஏலும் என்று சொன்னவள் நான். சோகியை எறிந்தேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இருந்தவர்களில் அதிகம் பேர் பெண்கள். நாலு விழுந்தபோது கடைசி வரை தண்ணீர் ஓடியது. மருமகளின் சிரட்டையில் கொஞ்சம் தேங்கியது, அவள் அதை விரலால் வழித்து நாற்றில் விட்டாள். மத்தியானத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் ஒவ்வொருத்தியாக எழும்ப, சாப்பிட வந்த ஆண்கள் அந்தத் தாள்களை எடுத்து இருந்தார்கள். என் தம்பியும் எடுத்தான். அவனுக்கு விழுந்தது மருமகளுக்கு மேலே உள்ள இடம். மகன் செத்த சிறுபோகத்திலும் அவனுடைய பங்கு மகனுடைய பங்குக்கு மேலேதான் இருந்தது. அதை நான் அப்போது ஒரு நல்ல சகுனமாக எடுத்தேன். சொந்தக்காரன் பக்கத்தில் இருக்கிறான் என்று.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து சோகி வாய் திறந்து விழுந்தது. ஐந்து செம்பு. கடைசியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. களி வெடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். திரும்ப எறிந்தேன், நாலு. கடைசிக்கு வரவில்லை. அப்போதுதான் தலையை நிமிர்த்தி வாய்க்கால் நீளத்துக்குப் பார்த்தேன்.

தம்பி மரத்தில் இருந்த ஏதோ குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கால் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. குதிக்கால் கரையில் இருந்த களியைப் பெயர்த்து, பெருவிரல் அதை வாய்க்காலுக்குள் தள்ளி, அவன் இடத்து வாய்க்கால் வாய்க்குக் கீழே ஒரு சின்ன அணை கட்டி, உள்ளங்கால் அதை மெதுவாக அமத்தியது. தண்ணீர் திரும்பி அவன் சிரட்டைக்குள் போனது, வழிந்து அவன் சட்டியடியில் தேங்கி நின்றது. அவன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. சாகிற வரை நான் மறக்க முடியாதது அந்த முகம். அவனுக்கே தெரியாமல் அவன் கால் செய்தது.

அவன் மட்டும் இல்லை. மேலே இருந்த ஆண்களின் காலடியிலும் அப்படி ஒவ்வொரு அணை. ஆருடைய கையும் தண்ணீரில் படவில்லை, சட்டம் உடையவில்லை. பெண்கள் இருந்த இடங்களில் மட்டும் வாய்க்கால் நேராக ஓடியது.

மருமகள் குருவியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாற்று நுனியில் சுருளத் தொடங்கியிருந்தது.

வேலியோரம் நின்ற ஒரு கிழவர், எப்போதும் எதையாவது சொல்லிச் சனத்தைச் சிரிக்கப் பண்ணுகிறவர், தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“உவன் நித்திரையிலையும் அணை கட்டுவான். பெண்சாதி கால்மாட்டிலை படுக்கப் பயப்பிடுறவளாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி குனிந்து தன் காலைப் பார்த்தான். கிழவருக்குச் சிரிப்புக் கிடைத்த உசாரில் வாய் நிற்கவில்லை.

“உதென்ன புதிசே? அந்தப் பொடியன் கடைப்பங்கிலை நிண்டு தண்ணி தண்ணியெண்டு கத்தினதும் உந்தக் காலுக்குத்தானே.”

சிரிப்பு அப்படியே நின்றது. சோகி என் கையில் இருந்தது. ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு விழுந்த அடி. ஒரு ஆளாவது, உது பொய், விசர்க் கதை கதையாதை என்று சொல்லியிருக்கலாம். நிலத்தைப் பார்த்தார்கள். என் மகனுக்குத் தண்ணீர் வராமல் போனது தாளில் விழுந்தது மட்டும் இல்லை என்று அந்தக் களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும் மருமகளுக்கும் தவிர.

மருமகள் எழும்பினாள். சட்டத்துக்கு ஏற்றபடி தன் தாளைக் கொண்டுவந்து முட்டிக்குள் போட்டாள். வீட்டுப் பக்கம் நடந்தாள். டீச்சர் என் காதுக்குள், நிப்பாட்டுவமா அம்மா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. நிறுத்தினால் எல்லோரும் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள், அந்த அணைகளை மாடு மிதித்துவிடும். பொழுதுபடும் வரை அவர்கள் அங்கே இருந்து அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேனாக்கும். நான் எறிந்துகொண்டே இருந்தேன். கடைசி இடத்துத் தாளை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்க வரவில்லை. தம்பி தன் இடத்தில்தான் இருந்தான். காலை மடித்து உடம்புக்குக் கீழே வைத்துக்கொண்டான். அணையை அவன் கையால் எடுக்கவும் சட்டம் விடவில்லை. குளக்கட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கினபோது கடைசிச் சட்டியில் நாற்று நூலாகக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் விளக்குப் போட்டு, பிட்டு அவித்து வைத்திருந்தாள். நான் அவளுக்கு முன்னால் இருந்தேன். அவள்தான் தொடங்கினாள்.

“சீட்டு மட்டும் எண்டால் நான் நிண்டிருப்பன் மாமி. சீட்டு மாறும். ஒருநாளைக்குத் தலையும் விழும்.” தட்டில் பிட்டைப் போட்டு என் பக்கம் தள்ளினாள். “இனி இந்தச் சனத்தின்ரை முகத்திலை முழிச்சுக்கொண்டு எனக்கு இருக்கேலாது. நான் போறன்.”

அவளை மறிப்பதற்காக நான் செய்த காரியம் அவளை அனுப்பி வைத்தது. அதை அவள் என்னிடம் ஒருபோதும் சொல்லிக் காட்டவில்லை. நல்ல பிள்ளை.

அடுத்த நாள் தம்பி வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றான். வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை, செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எல்லாரும் செய்யிறதுதான் அக்கா. எனக்கு மேலை உள்ளவன் எனக்குச் செய்வான், நான் கீழை உள்ளவனுக்குச் செய்வன். என்ரை பயிரும் காஞ்சுகொண்டுதான் நிண்டது. பொடியன் இப்பிடிச் செய்வானெண்டு ஆர் கண்டது?”

பதில் சொல்லத் தெரிந்திருந்தால் எப்போதோ கூட்டத்தில் எழும்பியிருப்பேன். அவன் செம்பைத் திண்ணைக் குந்தில் வைத்துவிட்டுப் போனான். தண்ணீர் அப்படியே இருந்தது.

டீச்சர் தலைவரிடம் போய் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். பிள்ளையாருக்கு முன்னால் எடுக்கிற சீட்டு, அதுக்கு மேலை நாங்கள் சட்டம் போடேலுமோ என்று அவர் கேட்டாராம். அன்றைக்கு அவர் நேரத்தோடு எழும்பிப் போனவர். அந்த அணைகளை அவர் பார்க்கவில்லை. டீச்சர் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அழுதார். நான் அவரைத் தேற்றி, பஸ் வரும்வரை கூட நின்றேன். பாவம், அந்தப் பிள்ளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

சீட்டு நாளில் மருமகள் ஊரில் இல்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சிக்குக் கொழும்புக்குப் போயிருந்தாள். எங்கள் குடும்பத்துக்கு நான்தான் கையை விட வேண்டியிருந்தது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் தனியாக நடந்து போனது அதுதான் முதல் தடவை. இனிப் பயப்பட என்ன இருக்கிறது? தாளை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்துவிட்டு வாசிக்காமல் நின்றார். பிறகு சின்னக் குரலில் வாசித்தார். கடைப்பங்கு. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

என் பங்கைத் தம்பிதான் உழுது விதைத்தான். நான் கேட்கவில்லை, அவனும் என்னிடம் கேட்கவில்லை. தண்ணீர் திறக்க முன்னம் ஆண்கள் சேர்ந்து வாய்க்காலைக் கடைசி வரை வெட்டித் துப்பரவாக்கினார்கள். ஒவ்வொரு முறையிலும் கடைப்பங்குக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை ஆராவது ஒருவர் கரையில் நின்றார். ஒருநாள் நான் தேத்தண்ணி கொண்டு போனேன். குளத்தில் வழக்கத்தை விடக் கூடத் தண்ணீர் இருந்ததா என்று அந்தக் கிழவரிடம் கேட்டேன். இல்லை, போன வருசத்தை விடவும் குறைவு என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கதிர் வந்தது. கடைப்பங்கில் அப்படிக் கதிர் வந்து நான் கண்டதில்லை. வரம்பில் நின்று பார்த்தபோது சந்தோசம் வரவில்லை. இதே மண், இதே வாய்க்கால். என் பிள்ளை மண்வெட்டியோடு நின்ற இடத்தில்தான் நான் நின்றேன். அவன் கத்தினது இவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டு காலால் மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள்.

மருமகள் குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். வேலை செய்கிற வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டாள். மருந்துக் குளிசை போட்டீங்களோ மாமி, சாப்பிட்டீங்களோ மாமி என்று என்னைத்தான் கேட்பாள். வயலைப் பற்றி அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கதைத்து முடித்துப் போனை வைக்கிற நேரத்தில் கேட்டாள்.

“தண்ணி வந்ததோ மாமி?”

பொய் சொல்லலாமோ என்று நினைத்தேன். வரவில்லை, எல்லாம் காய்ந்துவிட்டது, நீ போனது நல்லதுதான் என்று சொன்னால் அவளுக்கு அங்கே இருக்க லேசாக இருக்கும். ஆனால் இந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் இவ்வளவு காலமும் ஒருவரும் உண்மை சொல்லவில்லை.

“வந்தது பிள்ளை” என்றேன். “கடைசி வரைக்கும் வந்தது.”

அந்தப் பக்கம் அவளுடைய எசமானியின் பிள்ளை ஏதோ கேட்டு அழுகிற சத்தம். அவள் மூச்சு விடுவதும் கேட்டது.

“அப்ப அண்டைக்கும் வரக்கூடிய தண்ணிதான்” என்றாள்.

“ஓம்” என்றேன்.